வானத்திலிருந்து வந்து தண்ணி கேட்ட தொரை

உலகத்தில் ஆகாய விமானம் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். பெட்ரோல் இல்லாமல் ஓட்டியவர் எங்கள் தேத்தண்ணித் தொரை ஒருவர்தான். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் பொகவந்தலாவை பஸ் ஏறி, எங்கள் தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தலை நரைத்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான் சொல்வதைவிட நாலு மடங்கு சொல்வார்கள். "அவரு வெறுங்காத்துலயே ஓட்டுவாருங்க" என்பார்கள். ஒரு விதத்தில் அது உண்மைதான்.

அவருக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. எங்கள் வரிசை வீடான லயத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. வெள்ளைக்காரன் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. கொழும்பிலிருந்து போயிருந்தானே தவிர எங்கள் தோட்டத்திலிருந்து போகவில்லை. பங்களாவில் பெரிய தொரையும் சின்னத் தொரையும் இருந்தார்கள். நான் ஆபீசில் கிளாக்கர். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருஷம் தேயிலைக் கொழுந்தில் ஒரு நோய் வந்தது. தளிர் இலையில் கொப்புளம் கொப்புளமாகப் போட்டு, அப்படியே கருகிவிடும். லயத்தில் அதைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

"தேயிலைக்கு அம்மை போட்டிருக்கு. மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தணும்" என்றார் மேல் லயத்து ராக்காயி அக்கா. கொழுந்தெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாயிலும் மிஞ்ச ஆளில்லை.

கூழும் ஊற்றினார்கள். கம்பெனிக்காரர்கள் தங்கள் பங்குக்குச் செம்பு மருந்து கொண்டுவந்தார்கள். முதுகில் தொட்டியைச் சுமந்து மலை மலையாக ஏறி அடித்து மாளவில்லை. அப்போதுதான், மருந்தை வானத்திலிருந்து தெளித்துப் பார்ப்போம் என்று ஒரு குட்டி விமானத்தையும், அதை ஓட்ட ஒரு மனிதரையும் அனுப்பினார்கள்.

விமானமா அது! ரெண்டு அடுக்கு றெக்கை, நடுவில் குச்சியும் கம்பியும், மேலே துணி. முன் சீட்டில் ஆளுக்குப் பதிலாக மருந்துத் தொட்டி. பின் சீட்டில் தொரை, தலையில் தோல் தொப்பி, கழுத்துக்கு மேலே திறந்த வானம். நோர்வூட் பக்கம் தொரைமார் பந்தடிக்கிற மைதானத்திலிருந்து கிளம்பி வரும். முதல் நாள் அது எங்கள் மலை விளிம்பைத் தாண்டித் தலைகாட்டியபோது, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கை நின்றுவிட்டது. கங்காணி சத்தம் போட வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அவரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மனிதன் நம் தலைக்கு மேலே, நம் மலைக்குக் கீழே, பறந்து போகிறான்! தேயிலைச் செடி உயரத்துக்கு வந்து, மருந்தைப் புகையாக விரித்துவிட்டு, மலைச்சுவரில் மோதப்போகிறான் என்று எல்லோரும் கண்ணை மூடும் நேரத்தில், சட்டென்று ஏறித் திரும்புவார்.

எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்று காட்ட ஒருவர் வெள்ளைக் கொடியோடு நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பு கண்டாக்கையாவுக்கு. தோட்டத்தில் வேலை பார்வையிடுகிற உத்தியோகம், காக்கிக் கால்சட்டை, தொப்பி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மரியாதை. விமானம் கிட்ட வந்ததும் கொடியைப் போட்டுவிட்டு விலகி ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆளுங்கள் பார்க்க ஓடுவதா என்று கண்டாக்கையா நிமிர்ந்து நின்றார். விமானம் போனபின் பார்த்தால், தொப்பி முதல் சப்பாத்து வரை நீலப் பச்சை.

"பாருங்கடி, கண்டாக்கையா இப்பத்தான் சாமி மாதிரி இருக்காரு" என்று ராக்காயி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அதிலிருந்து கண்டாக்கையாவுக்குத் தொரையைக் கண்டாலே ஆகாது.

ஆகாததற்கு இன்னொரு காரணம், தொரை பேசிய தமிழ். வெள்ளைக்காரத் தொரைமாருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க அப்போது ஒரு தனித் தமிழ் இருந்தது. அதில் வா, போ, கொண்டா, வெட்டு, தூக்கு மட்டும்தான் உண்டு. வாங்க, போங்க கிடையவே கிடையாது. இவரும் அதைத்தான் படித்திருந்தார். கண்டாக்கையாவைப் பார்த்து, "நீ வா. கொடி தூக்கு. நீ ஓடு" என்பார். நான் ஒரு நாள் பொறுமையாக, மரியாதைக்குக் கடைசியில் ஒரு 'ங்க' சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற நாயிடம், "நாய்ங்க வா" என்றார். அதோடு அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டேன்.

இனி, பெட்ரோல் சமாச்சாரம். மைதானம் சின்னது, மலைக்காற்று மெலிசு. முழுத் தொட்டி மருந்தும் முழு பெட்ரோலும் ஏற்றினால் விமானம் எழும்பாது, எதிரே இருக்கிற சவுக்கு மரத்தில் போய் உட்காரும். கம்பெனிக்கோ மருந்து முழுசாகப் போக வேண்டும். ஆகவே குறைவது எப்போதும் பெட்ரோல்தான். தொரை அதைத் தன் தமிழில் எனக்கு விளக்கினார்: "மருந்து ஏறு. பெட்ரோல் இறங்கு. நான் சாமி கும்பிடு."

மேல் றெக்கை நடுவில்தான் பெட்ரோல் தொட்டி. அதில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு மிதவை. எவ்வளவு இருக்கிறது என்று அந்த மிதவையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மலை இடுக்கில் வளைந்து திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்து, மிதவை பொய் சொல்லும். தொரை எட்டிக் குழாயை விரலால் சுண்டுவார். இன்னும் ஒரு வரிசைதானே பாக்கி, முடித்துவிட்டே போவோம் என்பார். அங்கேதான் வம்பு.

முதல் தடவை அது எங்கள் மேல் லயத்துக்கு முன்னாலேயே நடந்தது. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிற பொட்டல் ஒன்று அங்கே உண்டு. லயம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், லயத்தை ஒட்டியே போகும். ஒரு முனை மேடேறிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முடியும். விமானம் எங்கள் தலைக்கு மேலே ரெண்டு தரம் இருமியது, பிறகு சத்தமே இல்லை. சத்தம் இல்லாத விமானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விசிறி அசையாமல் நிற்கிறது. கம்பிகளில் காற்று விசிலடிக்கிற சத்தம் மட்டும். அது சறுக்கிச் சறுக்கி வந்து, பொட்டலில் குதித்து, மேட்டில் ஏறி, மடுவத்துக்கு முன்னால் நின்றது.

தொரை இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. கூடியிருந்த எங்களைப் பார்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட, "தண்ணி" என்றார். "தண்ணி கொண்டா."

கண்டாக்கையாவுக்கு எந்தத் தண்ணி என்பதில் சந்தேகமே வரவில்லை. தொரை கேட்கிற தண்ணி சாராயம்தானே! ஆளைக் கடைக்கு விரட்டினார். ராக்காயி அக்காவுக்கும் சந்தேகம் வரவில்லை. வாசலுக்கு வந்தவருக்கு வெறும் தண்ணி கொடுக்கிற வழக்கம் எங்கள் லயத்தில் இல்லை. தண்ணி என்றால் தேத்தண்ணி. அவர் ஓடிப்போய் அடுப்பில் கேத்தலைப் போட்டு, சாயம் கறுக்க ஊற்றி, சீனி அள்ளிக் கொட்டி, வீட்டிலிருந்த ஒரே பீங்கான் கோப்பையில் கொண்டுவந்து நீட்டினார். தொரை கோப்பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தார்.

"பாத்தீங்களா! தேத்தண்ணிக்குத்தான் மனுசன் எறங்கியிருக்காரு" என்றார் ராக்காயி அக்கா. அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது.

பெட்ரோல் டின் வந்தது. ஆம்பிளைகள் வாலைப் பிடித்து இழுத்து, மேட்டிலிருந்து இறக்கமாகத் தள்ளிவிட்டார்கள். தொரை கையாட்டிவிட்டுப் பறந்து போனார்.

ரெண்டாம் தடவை ஆற்றோரம். அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தண்ணி கேட்டார். அவர் போத்தலில் வைத்திருந்த ஆறின தேத்தண்ணியைக் கொடுத்தார். மூன்றாம் தடவைதான் விசேஷம். நோர்வூட் ரோட்டில் நேராக இருக்கிற இடம் என்று ஒரே ஒரு துண்டுதான் உண்டு, அதில் இறங்கிவிட்டார். எதிரே பஸ். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்று நிறுத்தினார். பஸ்ஸின் மூக்கும் விமானத்தின் மூக்கும் மாடுகள் மாதிரி முகர்ந்துகொண்டு நின்றன.

டிரைவர் வெளியே தலையை நீட்டி, "யோவ், ஹோன் அடிச்சிட்டு வரமாட்டியா?" என்று கத்தினார்.

தொரை, "நீ போ. நான் பெட்ரோல் இல்லை" என்றார்.

"நான் எங்கிட்டுப் போறது? றெக்கைய மடிய்யா!"

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து டாக்டரையா காரில் வந்து மாட்டினார். அவர் வேண்டாம் வேண்டாம் என்க, காரிலிருந்து குழாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். அதற்குள் ரோட்டோரக் கடைக்கார முதலாளி, நல்லாக இழுத்து ஆற்றிய பால் தேத்தண்ணியோடு வந்து நின்றார். தொரை அதையும் கண்ணை மூடிக் குடித்தார். சேதி சாயந்தரத்துக்குள் மேல் லயத்துக்கு வந்துவிட்டது.

"கடைத் தேத்தண்ணி குடிச்சாராமே? வவுத்துக்கு ஆவுமா?" என்று ராக்காயி அக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு லயத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. மேலே விமானம் இருமினால் போதும், "தொரைக்குத் தாகம் எடுத்திருச்சு, கேத்தலப் போடு!" என்று யாராவது கூவுவார்கள். முக்கால்வாசி நாள் விமானம் இருமிவிட்டுச் சும்மா போய்விடும். போட்ட தேத்தண்ணியை இவர்களே குடித்துக்கொள்வார்கள். ஆனால் அடுத்த தடவை தொரைக்குக் கொடுக்கப்போவது யார் வீட்டுத் தேத்தண்ணி என்று மற்ற காம்பராக்காரர்களுக்கும் ராக்காயி அக்காவுக்கும் பெரிய போட்டி. தனியாகப் பீங்கான் கோப்பை வாங்கி வைத்தவர்கள்கூட உண்டு.

அந்த நாளுக்கு வருகிறேன்.

பின்னேரம். கொழுந்து நிறுத்து, ஆளுங்கள் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் ஏறி வந்தது. எங்கள் பனிமூட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கை நீட்டினால் விரல் தெரியாது. நானும் கண்டாக்கையாவும் பொட்டலில் நின்றோம். மேலே, மிஸ்டுக்கும் மேலே, விமானம் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு தரம் நோர்வூட் பக்கம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது.

கண்டாக்கையா சட்டென்று என் கையைப் பிடித்தார். "மைதானம் மூடிக்கிச்சுய்யா. எறங்க எடமில்லாம சுத்துறாரு. இந்நேரத்துக்குப் பெட்ரோலு எங்க இருக்கப்போவுது?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. விமானம் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

நாலு பக்கமும் மலை. எல்லா மலையையும் மிஸ்ட் மூடியிருக்கிறது. நடுவில் ஒரு மனிதன், எஞ்சின் இல்லாமல், எங்கே இறங்குகிறோம் என்று தெரியாமல் இறங்கிக்கொண்டிருக்கிறான். பொட்டலை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பாறை, இல்லாவிட்டால் பள்ளம். கண்டாக்கையா மடுவத்துக்கு ஓடி வெள்ளைக் கொடியை எடுத்து வந்து, பொட்டல் நடுவில் நின்று வீச ஆரம்பித்தார். ரெண்டடி தள்ளி நின்ற எனக்கே அந்தக் கொடி தெரியவில்லை. நீலச் சாயம் பூசின நாளிலிருந்து தொரையைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், "தொரே! இங்கன வாங்க! இங்கன வாங்க தொரே!" என்று அழுதுகொண்டே வீசினார்.

லயத்திலோ ஒரே அமர்க்களம். "தொரைக்குத் தாகம் எடுத்திருச்சு!" என்று ராக்காயி அக்கா போட்ட சத்தத்தில், காம்பராவுக்குக் காம்பரா அடுப்பு மூட்டுகிறார்கள். இந்தத் தடவை அக்காவை முந்திவிட வேண்டும் என்று அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில். மிலாறு என்று சொல்வோமே, கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி, அதுதான் எங்களுக்கு விறகு. அன்றைக்கு அது மழையில் நனைந்த மிலாறு. எரிவதற்கு முன்னால் புகைந்து தள்ளியது. பெண்கள் ஊதாங்குழலால் ஊதி ஊதி இருமுகிறார்கள். வெள்ளை மிஸ்டுக்குள் கூரைத் தகரத்துக்கு மேலே கறுப்புக் கறுப்பாகப் புகை ஏறுவது மட்டும் தெரிகிறது.

கண்டாக்கையாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது, என்னையும் இழுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கே ஓடினார். "அடிப் பாவிகளா! அங்க ஒரு மனுசன் சாகப்போறான், இங்க தேத்தண்ணியா போடுறீங்க?"

ராக்காயி அக்கா ஊதாங்குழலோடு வாசலில் வந்து நின்றார். "என்னா பேச்சுப் பேசுறீங்க? எறங்கி வர்ற மனுசனுக்குப் பின்ன என்னாத்தக் குடுக்கறது?"

கண்டாக்கையா மறுபடி கொடியைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்குப் போனார். பேச்சு அடங்கியபோதுதான் அந்த விசில் கேட்டது. கம்பியில் காற்று அடிக்கிற விசில். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கிட்ட வந்தது, இன்னும் கிட்ட வந்தது. திடீரென்று லயத்துக் கூரைக்குப் பக்கத்தில் மிஸ்டைக் கிழித்துக்கொண்டு ரெண்டு அடுக்கு றெக்கை வந்தது. கண்டாக்கையா இந்தத் தடவை மரியாதை பார்க்காமல் ஓடினார். விமானம் பொட்டலில் ஒரு குதி குதித்து, மேட்டில் ஏறி, அதே மடுவத்துக்கு முன்னால் நின்றது.



தொரை இறங்கி, தரையைத் தொட்டுப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிமிஷம் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு கோப்பை வந்தது. வரிசையாக நீட்டினார்கள். அவர் ஒன்றையும் தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் குடித்தார். கண்டாக்கையா அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று இரவு அவரைப் பங்களாவுக்கு நடத்திக் கூட்டிப்போனது நான். வழியில் இங்கிலீஷில் சொன்னார். மேலிருந்து பார்த்தால் வெள்ளைக் கடல்தானாம், ஒரு மலையும் தெரியவில்லையாம். எஞ்சின் நின்றபின், சரி, முடிந்தது என்றே நினைத்தாராம். அப்போது அந்த வெள்ளையில் ஓரிடத்தில் கறுப்புக் கறை, பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று, ஒரே நேர்கோட்டில் வரிசையாக. ஒரு முனை எங்கே, மறு முனை எங்கே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது எல்லாம் புகையே சொல்லிவிட்டதாம். "இவ்வளவு நீளக் கோட்டில் புகைவது உங்கள் மேல் லயம் ஒன்றுதான். லயத்துக்கு இந்தப் பக்கம் பொட்டல். எனக்கு வேறென்ன வேண்டும்?" என்றார். தனக்குச் சமிக்ஞை கொடுக்க யார் யோசனை சொன்னது என்றும் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, உங்களுக்குத் தேத்தண்ணி என்றால் உயிர் என்று போட்டார்கள் என்றேன்.

தொரை நடு ரோட்டில் நின்றுவிட்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், பங்களா நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன. அவருக்குத் தேயிலையே ஆகாதாம்! குடித்தால் ராத்திரி முழுக்க வயிற்றெரிச்சலாம். முதல் நாள் பயத்தில் வாய் வறண்டு கேட்டது வெறும் தண்ணியாம். "நானும் ஒவ்வொரு தடவையும் தண்ணிதான் கேட்கிறேன். இந்த நாட்டில் ஒருவரும் எனக்குத் தண்ணி கொடுக்கவில்லை" என்றார்.

"பின்னே ஏன் குடித்தீர்கள்?"

"அந்த அம்மாள் கோப்பையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறாளே. எப்படி வேண்டாம் என்பது?"

அடுத்த தடவை 'பச்சத்தண்ணி' என்று கேளுங்கள், வெறும் தண்ணீர்தான் வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். "பச்சத்தண்ணி, பச்சத்தண்ணி" என்று பங்களா வாசல் வரை பாடம் பண்ணிக்கொண்டே வந்தார்.

அடுத்த தடவை இல்லாமல் போய்விட்டது. வானத்து மருந்து இந்த மலைக்குச் சரிவராது என்று கம்பெனிக்காரர்கள் விமானத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகிற அன்று தொரை காரைச் சந்தியில் நிறுத்திவிட்டு, கோட்டும் டையுமாக மேல் லயத்துக்கு ஏறி வந்தார். லயத்து வாசலுக்கு நடந்து வந்த தொரையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. நல்ல வெயில், நல்ல ஏற்றம். மூச்சு வாங்கி, வியர்த்து வழிந்து, ராக்காயி அக்கா வாசலில் வந்து நின்றார். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்காவது மனிதருக்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொரை தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகச் சொன்னார்.

"அக்கா. தேத்தண்ணி குடுங்க."

ராக்காயி அக்கா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, தொரை யார்கிட்டப் பேசுறாரு?"

அவர் பிறந்தது முதல் எந்தத் தொரையும், எந்தக் கண்டாக்கும் அவரிடம் 'ங்க' போட்டதில்லை.

"உங்ககிட்டத்தான் அக்கா" என்றேன்.

அக்கா உள்ளே போய்க் கேத்தலைப் போட்டார். தொரை வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார். வந்த தேத்தண்ணியை அன்றைக்குக் கண்ணை மூடாமல், அக்காவைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பச்சத்தண்ணி கேட்கத் தெரிந்த பிறகும் தேத்தண்ணி கேட்ட அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடிக்கும்.